இடுப்பில் மறைந்த துவக்கு: ஒரு கதையும் ஒரு சட்டமும்

கொஸ்லந்தையில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். பத்துப் பேர் வந்தால் அது பெரிய கூட்டம். ஹல்துமுல்லையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ஓரிருவர் வருவதுண்டு. சென்ற மழைக்காலத்தில் அங்கு வாசிக்கப்பட்ட ஒரு சிறுகதையைப் பற்றியது இக்குறிப்பு. கதை இன்னும் அச்சேறவில்லை. எழுதியவர் தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழகம் சென்று மீண்ட இளைஞர்; பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அச்சேறாத பிரதி ஒன்றுக்கு விமர்சனம் எழுதுவது முறையா என்று சிலர் வினவலாம். எழுதச் சொன்னவரும் அவரே. அன்று கதையைவிட அதைச் சுற்றி எழுந்த வாதமே நீண்டது. அந்த வாதம் அவருடைய கதையோடு மட்டும் முடிகிற ஒன்றல்ல என்பதால் இங்கு கொண்டுவருகிறேன்.

கதையின் பெயர் 'துவக்கு'. தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் துருக்கியச் சொல்லொன்றின் திரிபுகள் என்பர். 'ஆரம்பி' என்ற ஏவலும் அதே ஒலியில் இருப்பதை இளைஞர் நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார். கதைச் சுருக்கம் இதுதான். கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயனிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் முதலாமாண்டு மாணவன் பகிடிவதைக்கு ஆளாகிறான். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் தினமும் அவன்மேல் விழுகிறது. விடுமுறையில் ஊர் வரும்போது, இராணுவத்திலிருந்து விலகி வந்த ஒருவரிடமிருந்து கைத்துப்பாக்கி ஒன்று அவன் கைக்குக் கிடைக்கிறது. சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிறான். ஓர் இரவு சிரேஷ்ட மாணவர் நால்வர் அவனைச் சூழும்போது சட்டையை மெல்ல உயர்த்துகிறான். அவர்கள் வாயடைத்து விலகுகிறார்கள். அதற்குப் பிறகு அவனை எவரும் அந்தப் பெயரால் அழைக்கவில்லை. கதை முடிகிறது.

வாசித்து முடித்தபோது கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் கேட்டவர்கள் நிறைந்த சிறிய அறையில் அந்த முடிவுக்கு வேறு வரவேற்பு கிடைத்திருக்காது. ஆசிரியர் ஒருவர் மட்டும், "இதை நம்ம பிள்ளைகள் வாசிச்சா என்ன நினைப்பாங்க தம்பி?" என்று கேட்டார். இளைஞர் சளைக்காமல் பதில் சொன்னார்: "சேர், அமெரிக்காவுல மாணவர்கள் மறைச்சு வச்சுக்கிட்டு வகுப்புக்குப் போகலாம்னு சட்டமே இருக்கு. நாமதான் இன்னும் பின்னால நிக்கிறோம்."

ஒரு படைப்பைச் சட்டத்தைக் காட்டி ஆதரிப்பது விமர்சன முறையாகாது என்று சொல்லி ஆசிரியர் அதை ஒதுக்கிவிட்டார். எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. சட்டமும் ஒரு பிரதிதான். அதிலும் கதைசொல்லி உண்டு, நாயகன் உண்டு, வாய் திறக்காத பாத்திரங்களும் உண்டு. ஆகவே அந்தச் சட்டத்தையே தேடி வாசித்தேன்.

டெக்சாஸ் மாநிலம் 2015ஆம் ஆண்டு நிறைவேற்றிய சட்டம் 2016 ஆகஸ்ட் 1ஆம் திகதி அரச பல்கலைக்கழகங்களில் நடைமுறைக்கு வந்தது. மிகச் சரியாக 50 ஆண்டுகளுக்கு முன்னர், 1966 ஆகஸ்ட் 1ஆம் திகதிதான் ஒஸ்டின் நகரின் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே நடமாடியவர்களைச் சுட்டு வீழ்த்தினான். இந்தப் பொருத்தத்தை ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் மிகையென்று அடித்திருப்போம். யூட்டா மாநிலத்தில் 2000களின் நடுப்பகுதியிலேயே இந்த அனுமதி வந்துவிட்டது. அங்குள்ள பல்கலைக்கழகம் எதிர்த்து வழக்காடி 2006இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2007 ஏப்ரலில் வேர்ஜீனியா டெக் வளாகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட பின்னர் இந்தக் கோரிக்கை பல மாநிலங்களிலும் வலுத்தது. இடாஹோ, கன்சாஸ், ஜோர்ஜியா என்று பட்டியல் வளர்ந்தது. 2023இல் மேற்கு வேர்ஜீனியாவும் சேர்ந்துகொண்டது.

ஆதரவாளர் வாதம் மூடத்தனமானதன்று. சட்டத்தை மதிக்காத கொலைகாரன் துவக்குடன் வருவான், சட்டத்தை மதிப்பவன் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. இரவில் தனியே விடுதிக்கு நடக்கும் பெண்ணையும் காட்டுகிறார்கள். டெக்சாஸ் சட்டம் யாருக்கும் எதையும் வாரி வழங்கிவிடவுமில்லை. சட்டம் வந்தபோது பொதுவாக 21 வயது நிறைந்து அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கே அது பொருந்தியது. ஆகவே முதலாமாண்டு மாணவரில் அநேகருக்குப் பொருந்தவில்லை. நமது கதாநாயகன் டெக்சாஸில் பிறந்திருந்தாலும் அவன் செய்தது குற்றமாகவே இருந்திருக்கும் என்பதை இளைஞர் கவனிக்கவில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் விலகியிருக்கலாம் என்றும் சட்டம் இடம் கொடுத்தது. மிகப் பெரும்பாலானவை விலகிக்கொண்டன. எதிர்த்தவர் சிலர் முன்னறிவித்ததுபோல் வகுப்பறைகளில் துவக்குச் சண்டை மூளவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விபத்துகள் நிகழ்ந்தன. இடாஹோவில் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறக்குறைய இரண்டு மாதங்களில், 2014 செப்டெம்பரில், பாடம் நடத்திக்கொண்டிருந்த இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரின் காற்சட்டைப் பைக்குள்ளிருந்த துப்பாக்கி வெடித்து அவருடைய பாதத்தையே துளைத்தது. சிரிக்கலாம், மாணவர் ஒருவரின் பாதமாக இருந்திருந்தால் சிரிக்க முடியாது.

என் கவனம் தங்கியது வேறோர் இடத்தில். சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னர், ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆசிரியர் கூட்டமொன்றில் விரிவுரையாளர்களுக்குச் சில யோசனைகள் காட்டப்பட்டன. உணர்ச்சியைத் தூண்டும் விடயங்களைப் பேசும்போது கவனமாயிருங்கள். தேவைப்பட்டால் சில தலைப்புகளைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மாணவர் கோபப்படுவதாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பது அவற்றின் சாரம். ஒரு ரவையும் பாயவில்லை. எவரும் எவரையும் மிரட்டவுமில்லை. பாடம் மட்டும் சுருங்கத் தொடங்கிவிட்டது. ஒஸ்டினில் பேராசிரியைகள் மூவர், வகுப்பில் கருத்துச் சொல்லும் சுதந்திரம் பறிபோகிறதென்று வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. யாரோ ஒரு மாணவர் என்ன செய்வார் என்ற ஊகத்தில் நீங்களாகவே உங்கள் வாயைக் கட்டிக்கொண்டால் அதற்குச் சட்டம் பொறுப்பல்ல என்கிற போக்கில் அத்தீர்ப்பு அமைந்தது.

சட்டத்தின் நோக்கில் அது சரியாக இருக்கலாம். இலக்கியம் அறிந்தவன் அப்படி வாசிக்க மாட்டான். தெரிந்த துவக்குக்கு முன்னால் மனிதன் என்ன செய்ய வேண்டுமென்று அவனுக்குத் தெரியும்: ஓடலாம், பணியலாம், விலகலாம். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத துவக்குக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்றுதான். வாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது பேர் உள்ள வகுப்பில் ஒருவரிடம் மட்டும் அது இருந்தாலும், ஒருவரிடமும் இல்லாவிட்டாலும்கூட, அந்த எச்சரிக்கை எல்லோர் நாக்கிலும் ஏறிவிடுகிறது.

இதைக் கற்க நமக்கு டெக்சாஸ் எதற்கு? நமது நாட்டில் இப்படியொரு சட்டம் எக்காலத்திலும் இருக்கவில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் கேளாமலே துவக்கு நமது வளாகங்களுக்குள் நுழைந்தது. 1989 மார்ச்சில் கொழும்புப் பல்கலைக்கழக உபவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஜூனில் மொரட்டுவைப் பல்கலைக்கழக உபவேந்தரும் கொல்லப்பட்டார். ஒக்டோபரில் பேராதனை வளாகக் குளமொன்றைச் சுற்றி வெட்டிய தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அதற்கு முந்திய மாதம், செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். 'முறிந்த பனை'யை எழுதிய நால்வருள் ஒருவர் அவர். எல்லாத் தரப்பு ஆயுதங்களையும் பற்றி எழுதியவர் என்பதால், சுட்டது யார் என்ற கேள்வியைக்கூட அன்று பலர் மெதுவாகவே கேட்டார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி படையினர் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை.

அக்காலத்தில் வடக்கிலோ கிழக்கிலோ தெற்கிலோ வளாகத்தில் படித்த எவரையும் கேளுங்கள். எந்த விரிவுரையில் எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது, எந்த நண்பன் முன்னால் எந்தப் பத்திரிகையை விரிக்கக்கூடாது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். ஹூஸ்டனில் திரையிட்டுக் காட்டிய யோசனைகளை நமது மாணவர் எவரும் காட்டாமலே கற்றிருந்தார்கள். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியதும் இந்தப் பின்னணியில்தான். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவருக்கு ஓரிடம் தேவைப்பட்டது. நம்மில் பலர் அதைச் சமூகத்தின் சாதனையாக மட்டும் எழுதுகிறோம். சாதனைதான். ஆயினும் ஒரே வகுப்பில் இருந்து ஒருவரோடொருவர் வாதாடியிருக்க வேண்டிய பிள்ளைகளைத் துவக்கு இரண்டு வளாகங்களாகப் பிரித்தது என்பதும் அந்த வரலாற்றின் ஒரு வரி. அதை எழுதிய கதை ஒன்று என் பார்வைக்கு இன்னும் கிட்டவில்லை.

இதைவிடச் சங்கடமான பக்கமும் இருக்கிறது. 'நம்மைக் காக்க நம் கையில் துவக்கு' என்ற வாதம் அமெரிக்கச் சரக்கல்ல. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு அந்த வாதத்தை மறுத்துப் பேச எவருக்கும் வாய் வந்திராது. எனக்கும் வந்திராது. எல்லைக் கிராமங்களில் ஊர்காவற்படைக்கு அரசு துவக்குக் கொடுத்தது. அந்தத் துவக்கு எத்தனை இரவுகள் எத்தனை வீடுகளைக் காத்தது என்பதற்குக் கணக்கில்லை, காத்திருக்கும். ஆனால் 1992 ஏப்ரல் இறுதியில் பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டதும், அதற்குப் பழியாக அயலில் முத்துக்கல், கரப்பொல என்ற தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலையில் நமது ஊர்காவற்படையினரும் இருந்தார்கள். முதற் கொலையைப் பற்றி நம்மிடம் கவிதைகள் உண்டு. இரண்டாவதைப் பற்றி? துவக்கு யாருடைய பயத்துக்காக வாங்கப்பட்டதோ அந்தப் பயத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை எழுதும் துணிவு நம் பேனாவுக்கு இன்னும் வரவில்லை. இளைஞரின் கதையைக் குறை சொல்லுமுன் இதையும் சொல்லிவிட வேண்டுமென்று பட்டது.

கொஸ்லந்தைப் பக்கத்து அனுபவமும் ஒன்றுண்டு. எங்கள் ஊரிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து மலையிறங்கினால் வெல்லவாய. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலை அங்குள்ள பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. நாடெங்கும் அன்றிரவு தொடங்கவிருந்த கிளர்ச்சி ஒரு குழப்பத்தால் அங்கே மட்டும் முந்திக்கொண்டது. அந்தக் கிளர்ச்சியிலும் 1987 முதல் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சியிலும் கிராமத்து வீடுகளில் அனுமதிப்பத்திரத்தோடு இருந்த துவக்குகள்தான் முதலில் பறிபோயின. பன்றிக்கும் யானைக்கும் வைத்திருந்த துவக்கு, வாங்கியவன் நினைத்திராத ஒருவன் கைக்குப் போய், அவன் நினைத்திராத ஒருவனைச் சுட்டது. பாதுகாப்புக்கென்று வாங்கும் ஆயுதத்தின் கதையை அதன் முதல் உரிமையாளனோடு முடிப்பவன் பாதிக் கதையைத்தான் எழுதுகிறான்.

சிறு வயதில் நான் பார்த்த துவக்கு அந்த ரகத்தைச் சேர்ந்தது. பஸாரில் எங்கள் வாப்பாவின் சில்லறைக் கடைக்கு, கீழே சேனை செய்யும் சிங்களப் பெரியவர் ஒருவர் மாதத்தில் இரண்டு முறை வருவார். தோளில் ஒற்றைக்குழல் துவக்கு. கடைப் படியில் நின்று, குழலை மடித்து, தோட்டாவை வெளியே எடுத்து, "முதலாளி, ஹிஸ்" என்று வெற்றுக் குழலை வாப்பாவுக்குக் காட்டுவார். பிறகு துவக்கை வாசலில் சாத்திவிட்டுத்தான் உள்ளே வந்து கருவாடும் மண்ணெண்ணெயும் கேட்பார். வாப்பா ஒருநாளும் காட்டச் சொன்னதில்லை. பல வருடங்கள் கழித்து, பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ அம்போடு வருபவர் அதன் முனையைத் தம் கையால் பற்றிக்கொள்ள வேண்டும், எவருக்கும் கீறல் படக்கூடாது என்று நபிகளார் (ஸல்) கற்பித்த ஒழுங்கை மௌலவி ஒருவர் விளக்கக் கேட்டபோது அந்தப் பெரியவர்தான் நினைவில் வந்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அறிவிப்பு அது. ஆயுதம் வைத்திருக்காதே என்று அது சொல்லவில்லை. குத்தினால் முதலில் உன் கையைக் குத்தட்டும் என்கிறது. பாரம் வைத்திருப்பவன்மேல். மறைத்துச் செல்ல அனுமதிக்கும் சட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. வைத்திருப்பவன் நிம்மதியாக இருக்கிறான். யாரிடம் இருக்குமோ என்று ஊகிக்கும் பாரம் மற்றவர் அனைவர்மேலும் ஏறுகிறது. 2025 செப்டெம்பரில் யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக முற்றத்தில் பேசிக்கொண்டிருந்த அரசியற் பேச்சாளர் சார்லி கேர்க் தொலைவிலிருந்த கூரையொன்றிலிருந்து சுடப்பட்டு இறந்தார். மறைத்து வைக்க அனுமதி உள்ள மாநிலம் அது. கூட்டத்தில் எத்தனை இடுப்புகளில் எது இருந்திருந்தாலும் அந்த ரவையை அது நிறுத்தியிராது.

இனிக் கதைக்கு வருவோம். கதையின் முற்பகுதி அண்மையில் நான் வாசித்த மலையக எழுத்தில் மிக உயர்ந்த பக்கங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அதில் மழை வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தயில் மலை சரிந்து லயன்களை மூடியபோது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டிலிருந்தவர்கள் புதைந்தார்கள். நாயகன் அடுத்த தோட்டத்துப் பிள்ளை. அதன்பின் அவன் வீட்டில் மழை பெய்தால் எவரும் தூங்குவதில்லை. தாய் சுவரில் காதை வைத்துக் கேட்கிறாள். மலைக்குள் தண்ணீர் நடக்கிறதாம். அந்த மலை ஆபத்தென்று ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது என்பது நாமறிந்த செய்தி. இளைஞர் அந்தச் செய்தியைச் சொல்லாமல் தாயின் காதை மட்டும் காட்டியது பெரிய விடயம்.

இப்படித் தொடங்கியவர்தான் பின்பாதியில் வழி தவறுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பது என்னவென்று இந்த நாயகனைவிட யாருக்குத் தெரியும்? சட்டைக்குள் துவக்கோடு விடுதியில் அவன் படுக்கும் முதல் இரவில், அதே அறையில் தூங்கும் மூன்று பேருக்கும் அவனே அந்த மலையாகிறான். கதையில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. அறைத் தோழன் ஒருவனுக்குக்கூடப் பெயரில்லை. நாயகன் அவர்களிடமிருந்தும் மறைக்கிறான் என்று ஒரு வரி வருகிறது. மறைப்பதற்கு அவன் என்ன விலை கொடுத்தான், தூக்கத்தில் எப்படிப் புரண்டான் என்று அடுத்த வரி இல்லை. பகிடிவதை செய்தவர்கள் 'வாயடைத்து' விலகினார்கள் என்பதை வெற்றியாக எழுதுகிறார். அடைபட்டது அவர்கள் வாய் மட்டும்தானா? மறுநாள் விரிவுரையில் எவரும் அவனுக்கு மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அவன் பக்கத்தில் உட்காரும் பெண் வேறு வாங்குக்கு மாறியிருப்பாள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் நின்றது உண்மை. மரியாதையால் நிற்கவில்லை. அந்தச் சொல் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

பகிடிவதைக்கெதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பேராதனையில் முந்திய ஆண்டு ஒரு தமிழ் மாணவர் அதனால் உயிரிழந்த பின்னணியில் வந்த சட்டம். அது ஏட்டில் கிடப்பதால்தான் நாயகன் துவக்கைத் தேடினான் என்று இளைஞர் வாதிட்டார். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அந்த முறைப்பாட்டுக் கடிதத்தை அவன் எழுதியதும், அதை வாங்கியவர் மேசையில் போட்டதும் கதையில் வந்திருக்க வேண்டும். பக்கங்கள் போதாமல் இல்லை; கைத்துப்பாக்கியின் உலோக மினுக்கத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் போயிருக்கிறது. சினிமாவிலிருந்து வந்த பக்கம் அது, அவருடையதல்ல.

இன்னொன்று. நாயகன் துவக்கை வாங்கியது விடுமுறையில். விடுதிக்குத் திரும்புவது பத்து நாட்களுக்குப் பிறகு. அந்தப் பத்து நாளும் அது எங்கே இருந்தது? கதை ஒரு நட்சத்திரக் குறியிட்டுத் தாண்டிவிடுகிறது. லயன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அவன் குடும்பத்தில் ஆறு பேர் என்று முதற் பக்கத்திலேயே வருகிறது. அங்கே மாதச் சம்பளத் துண்டைக்கூட மறைக்க முடியாது. தகப்பன் சாராயப் போத்தலை மறைக்கும் இடம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மறைத்து வைப்பதற்கு முதலில் தனியறை என்றொன்று வேண்டும். அரிசி மூட்டைக்குப் பின்னாலா, தகரக் கூரையின் சலாகையிலா, சாமிப் படத்துக்குப் பின்னாலா? கொழுந்து மலையால் வந்து மூட்டையை நகர்த்தும் தாயின் கை அதில் பட்டிருக்குமே. மலைக்குள் தண்ணீர் நடப்பதைக் கேட்கத் தெரிந்தவள் அவள்.

இதை இளைஞரிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இடத்தை எழுத ஆரம்பிச்சேன் நானா, ஓடல்ல" என்றார். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பத்து நாளை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.